பாதியில் வந்து சேர்பவர்

2023 ஜனவரி 21 அன்று இரவு வான்கூவரின் ரோஜர்ஸ் அரங்கில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை இணையத்தில் பலரும் பார்த்திருக்கக்கூடும். உள்ளூர் அணியான கனக்ஸ், எட்மன்டன் ஆயிலர்ஸிடம் 4–2 என்று தோற்ற ஆட்டம் அது. கூட்டம் அணியைத் திட்டவில்லை. பயிற்சியாளரின் பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூவிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்குப் பின்னால் கோட்டும் டையுமாக நின்றிருந்த 68 வயது புரூஸ் பூட்ரோவால் கண்ணீரை அடக்க முடியவில்லை. அவரை நீக்கப் போகிறார்கள் என்பது அரங்கில் இருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது. வேறு பயிற்சியாளர்களிடம் பேசியிருப்பதை அணியின் தலைவர் ஜிம் ரதர்ஃபோர்டு சில நாள்களுக்கு முன்பே செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் ரிக் டாக்கெட்டின் நியமனம் அறிவிக்கப்பட்டது. பதவியில் இருக்கும் ஒருவரை இப்படி ஊரறிய நிற்கவைத்த நாகரிகக் குறைவைப் பற்றி அப்போதே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ரதர்ஃபோர்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். எனக்கு உறுத்தலாக இருந்தது வேறொன்று.

அந்தக் காணொளியை எனக்கு அனுப்பியவர், நான் வர்ஜீனியாவில் வேலை பார்த்த காலத்தில் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த மதுரை நண்பர். கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: “நல்ல மனுஷன்தான் சார், ஆனா ஏழாவது ஆட்டத்தை ஜெயிக்கத் தெரியாதவர்.” இதே நண்பர்தான் 2008-இல், பூட்ரோவுக்கு ஆண்டின் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருது கிடைத்தபோது, “ஆட்டக்காரனாத் தோத்தவன்தான் சார் நல்ல வாத்தியார் ஆவான்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய அப்போதைய அணியான வாஷிங்டன் ஒரு தோல்வியில் சுருண்டபோது, “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்ற பழமொழியை எடுத்து வீசியவரும் அவரே. ஒரே வாழ்க்கைக்கு ஒரே மனிதர் மூன்று தீர்ப்புகளை எழுதுகிறார் என்றால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விளையாட்டுப் பக்கங்களிலும் அந்த மூன்றுதான் மாறி மாறி வருகின்றன. மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை என்பதும், ஏன் படவில்லை என்பதை அப்போது சொல்லத் தெரியவில்லை என்பதும்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பேருந்தில் கழிந்த பதினேழு பருவங்கள்

முதலில் அந்த ‘தோற்றவர்’ கதையைப் பார்த்துவிடலாம். பூட்ரோ 1955-இல் டொரண்டோவில் பிறந்தவர். 1974–75 பருவத்தில் டொரண்டோ மார்ல்பரோஸ் என்ற இளையோர் அணிக்காக 68 கோல்கள் அடித்து, மொத்தம் 165 புள்ளிகள் எடுத்து ஒன்டாரியோ லீக்கில் முதலிடம் பிடித்தார். ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு மட்டுமல்லாமல் அதற்குப் பந்தாக விளங்கும் பக்கைக் கொடுத்து உதவியவருக்கும் புள்ளி உண்டு. மார்ல்பரோஸ் அந்த ஆண்டு இளையோருக்கான மெமோரியல் கோப்பையையும் வென்றது. இப்படிப்பட்ட ஒருவர், வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல். அணிகள் இளைஞர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே போயிருக்க வேண்டும். ஆனால் அவரை 42-ஆவதாகத்தான் எடுத்தார்கள். எடுத்தது சொந்த ஊர் அணியான டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ். உயரம் போதாது, கால் வேகம் போதாது என்பது அன்று முதல் கடைசி வரை அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட குறை.

அவர் முதலில் லீஃப்ஸுக்குப் போகாமல், என்.எச்.எல்.-க்குப் போட்டியாகத் தொடங்கப்பட்டிருந்த இன்னொரு லீக்கில் மினசோட்டா ஃபைட்டிங் செயின்ட்ஸ் அணியில் சேர்ந்தார். அந்த அணி பணமில்லாமல் பருவத்தின் பாதியிலேயே மூடப்பட்டது. அதே பருவத்தில் அவர் பென்சில்வேனியாவின் எஃகு ஆலை நகரமான ஜான்ஸ்டவுனிலும் ஆடினார். 1977-இல் வெளிவந்த ‘ஸ்லாப் ஷாட்’ திரைப்படத்தை அங்கேதான் படமாக்கினார்கள். அதில் பூட்ரோ பச்சைச் சட்டையில் எதிரணி ஆட்டக்காரராக ஓரிரு காட்சிகளில் தலைகாட்டுகிறார். பால் நியூமனின் கதாபாத்திரம் குடியிருப்பதாகக் காட்டப்படும் அலங்கோலமான வீடு அவர் அப்போது உண்மையிலேயே வாடகைக்கு இருந்த வீடு. சிற்றூர் அணியொன்றின் வயதான ஆட்டக்காரர்-பயிற்சியாளரைப் பற்றிய படத்துக்கு, 21 வயதுப் பையனின் வீட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் எதிர்காலத்தைப் பார்த்திருக்க முடியாதுதான். இருந்தாலும் இந்தத் தகவலை முதன்முதலில் அறிந்தபோது சிரித்துவிட்டேன்.

அதன் பிறகு வந்த பதினாறு பருவங்களையும் ஊர்ப் பெயர்களாகத்தான் சொல்ல முடியும்: டல்லாஸ், மாங்க்டன், சின்சினாட்டி, செயின்ட் கேதரின்ஸ், பால்டிமோர், ஹாலிஃபாக்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு, நியூமார்க்கெட், ஃபீனிக்ஸ், ஃபோர்ட் வெயின். லீஃப்ஸ் அணி அவரை அவ்வப்போது மேலே அழைத்துக்கொண்டது. மொத்தம் 134 ஆட்டங்கள், எந்தப் பருவத்திலும் நாற்பதுக்கு மேல் இல்லை. பிறகு சிகாகோவுக்காக ஏழு. ஆக 141 ஆட்டங்கள், 28 கோல்கள். என்.எச்.எல். ஏடுகளில் அவருடைய ஆட்ட வாழ்க்கை இவ்வளவுதான். ஆனால் அதற்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எச்.எல். ஏட்டைத் திறந்தால் 634 ஆட்டங்கள், 316 கோல்கள், 799 புள்ளிகள் என்று நிற்கிறது. 1987–88-இல், ஆட்டக்காரர்கள் பலர் ஓய்வு பெறத் தொடங்கும் 33 வயதில், ஸ்பிரிங்ஃபீல்டுக்காக 116 புள்ளிகள் எடுத்து அந்த லீக்கிலேயே முதல்வராக வந்தார். 2009-இல் ஏ.எச்.எல். தன் புகழரங்கில் அவரைச் சேர்த்துக்கொண்டது. இவரை ‘ஆட்டக்காரராகத் தோற்றவர்’ என்று சொல்பவர்கள், மாநில அளவில் இருபது ஆண்டுகள் ரன் குவித்துவிட்டு இந்திய அணியில் நிலைக்காமல் போன மட்டையாளரையும் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

‘தோற்றவரே நல்ல ஆசிரியர்’ என்ற கோட்பாட்டுக்கு ஆதரவாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது வெயின் கிரெட்ஸ்கியை. பூட்ரோவுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஒன்டாரியோ லீக்கில் பதினேழு வயதில் 182 புள்ளிகள் எடுத்து, பிறகு உலகின் மிகப் பெரிய ஆட்டக்காரரான கிரெட்ஸ்கி, 2005 முதல் நான்கு பருவங்கள் ஃபீனிக்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்து ஒரு முறைகூட அதை, பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்குக் கொண்டுபோகவில்லை. இயல்பாகக் கைவந்த ஒன்றை அவரால் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாம்பா பே அணிக்கு என்.எச்.எல்.-இன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை அடுத்தடுத்து இரண்டு முறை வென்று தந்த ஜான் கூப்பர் தொழில்முறையில் ஐஸ் ஹாக்கி ஆடியதே இல்லை. அவர் வழக்கறிஞராக இருந்தவர். தோற்பதற்குக்கூட அவர் ஆடவில்லையே.

வந்து சேரும் கலை

பூட்ரோவின் ஊர்ப் பட்டியலை ஒருநாள் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அவர் தன் வாழ்நாளில் மிக அதிகமாகச் செய்த வேலை கோல் அடிப்பதல்ல, புதிய ஒரு அணிக்கு வந்து சேர்வது. மேலே அழைக்கப்படும் ஓர் ஆட்டக்காரரின் ஒரு நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் தொலைபேசி அழைப்பு வரும். உடனே உபகரணப் பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டும். போய்ச் சேர்ந்ததும், பெயர்கூடத் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் உடை மாற்றும் அறையில் ஓர் இடம் காட்டுவார்கள். எதிரணி பக்கோடு வெளியேறும்போது முதலில் யார் போய் அழுத்துவது, இரண்டாமவர் எந்தக் கோணத்தில் நிற்பது என்பதையெல்லாம் ஒரே ஒரு காலைப் பயிற்சியில் பிடித்துக்கொள்ள வேண்டும். இரவு ஆட்டத்தில் ஆறேழு நிமிடங்கள் கிடைக்கும். அந்த ஆறேழு நிமிடங்களில் தவறு செய்யாமலும் இருக்க வேண்டும், கண்ணிலும் பட வேண்டும். சில நாள்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நட்சத்திர ஆட்டக்காரர் இதை வாழ்க்கையில் ஒரு முறையோ இரண்டு முறையோ செய்கிறார். பூட்ரோ இதைத் தொழிலாகவே செய்தார். அதுவும் ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு பயிற்சியாளரின் கீழ். லீஃப்ஸில் மட்டும், காணொளியைப் பாடமாக்கிய முன்னோடியான ரோஜர் நீல்சன் உட்பட, பலரிடம் ஆடியிருக்கிறார்.

பயிற்சியாளராக அவர் நடந்த வழியும் அதே சிற்றூர் வழிதான். 1992-இல் மிச்சிகனின் மஸ்கீகனில் தொடங்கி, ஃபோர்ட் வெயினில் அந்த லீக்கின் சிறந்த பயிற்சியாளர் விருது பெற்று, பனி அரிதாகவே விழும் மிசிசிப்பியில் ஒரு புத்தம்புது அணியைக் கட்டி 1999-இல் கெல்லி கோப்பையை வென்றார். பிறகு லோவெல், மான்செஸ்டர். 2005-இல் மான்செஸ்டர் அவரைக் கைவிட, சாக்லேட் ஆலைக்குப் பெயர்போன ஹெர்ஷி நகரத்தின் பேர்ஸ் அணிக்கு வந்தார். வந்த முதல் பருவத்திலேயே, 2006-இல், ஏ.எச்.எல்.-இன் கால்டர் கோப்பை கிடைத்தது. அடுத்த ஆண்டும் இறுதிச் சுற்று வரை போனார்கள். இத்தனைக்குப் பிறகும் என்.எச்.எல்.-இலிருந்து அவரை யாரும் அழைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கீழ் லீக்குகளில் பயிற்சியாளராக இருந்தவர் அங்கேயே இருக்க வேண்டியவர் என்ற எண்ணம் மேலே உள்ளவர்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது.

2007 நவம்பர் 22

நான் சொல்ல வருவது முழுக்க இந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் அப்போது 21 ஆட்டங்களில் ஆறில் மட்டும் வென்று, லீக்கிலேயே கடைசி இடத்தில் கிடந்தது. முந்தைய இரவு சொந்த அரங்கிலேயே அட்லாண்டாவிடம் 5–1 என்று தோற்று, பயிற்சியாளர் க்ளென் ஹான்லனை நீக்கச் சொல்லிக் கூட்டம் கோஷம் போட்டிருந்தது. மறுநாள் அமெரிக்காவின் நன்றி நவிலல் நாள். நாடே அடுப்பில் வான்கோழியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் விடுமுறை. அன்று காலை பொதுமேலாளர் ஜார்ஜ் மெக்ஃபீ ஹெர்ஷிக்குத் தொலைபேசியில் பேசினார். பூட்ரோ கிளம்பி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே வந்து, அன்றே பயிற்சியை நடத்தினார். பதவியின் பெயர் தற்காலிகத் தலைமைப் பயிற்சியாளர். அடுத்த நாள் பிலடெல்பியாவில் கூடுதல் நேரத்தில் 4–3 என்று முதல் வெற்றி. அதற்கடுத்த மாதமே ‘தற்காலிக’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பருவத்தின் மீதி 61 ஆட்டங்களில் அணி 37-இல் வென்றது. கடைசிப் பன்னிரண்டு ஆட்டங்களில் பதினொன்று வெற்றி. 2008 ஏப்ரல் 5 அன்று, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஃபுளோரிடாவை 3–1 என்று வென்று, நவம்பரில் கடைசியாக இருந்த அணி தன் பிரிவின் முதலிடத்தோடு பிளேஆஃபுக்குள் போனது. அந்த ஆண்டு அணியின் நட்சத்திரம் ஒவெச்கின் அடித்த 65 கோல்களுக்கும், பருவத்தின் இறுதியில் மாண்ட்ரியாலிலிருந்து வாங்கப்பட்ட கோல்காப்பாளர் கிறிஸ்டோபல் ஹுவேவுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. எல்லாப் புகழும் பூட்ரோவுக்கே என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரே நாளில் எப்படி மாறியது என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு நாளிதழ்கள் ‘புதிய ரத்தம்’, ‘உற்சாகம்’ என்றெல்லாம் எழுதின. எனக்கு அவை போதவில்லை. ஹான்லனின் அணி பின்வாங்கிக் காத்து ஆடியது. பூட்ரோ வந்ததும் முன்னேறி அழுத்தச் சொன்னார். தற்காப்பாளர்களும் தாக்குதலில் சேரலாம் என்று விட்டுவிட்டார். இது அவர் ஹெர்ஷியில் ஆடவைத்த முறை. அந்த வாஷிங்டன் அறையில் இருந்தவர்களில் மைக் கிரீன், புரூக்ஸ் லைக், டொமாஷ் ஃபிளைஷ்மன், பாய்டு கோர்டன், ஜெஃப் ஷுல்ட்ஸ், டேவ் ஸ்டெக்கல் எனப் பலர் 2006-இல் ஹெர்ஷியில் அவரிடம் ஆடிக் கோப்பை வென்றவர்கள். ஆக, அன்று காலை அறைக்குள் நுழைந்தவர் அந்நியரே அல்லர். அவர் பலகையில் கோடு போடும்போது பாதிப் பேருக்கு அடுத்த கோடு எங்கே வரும் என்று தெரிந்திருக்கும். தெரியாத பாதி, தெரிந்த பாதியைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். மைக் கிரீன் தற்காப்பாளராக இருந்துகொண்டு அந்தப் பருவத்தில் 18 கோல்களும் அடுத்த பருவத்தில் 31 கோல்களும் அடித்தார். ஒரு தற்காப்பாளர் முப்பதைத் தாண்டிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

என் அலுவலகம் அப்போது ஆர்லிங்டனில் இருந்தது. கேப்பிட்டல்ஸ் பயிற்சி செய்யும் ரிங்க் அங்கே பால்ஸ்டன் வணிக வளாகத்தின் கார் நிறுத்தும் கட்டடத்துக்கு மேலே, மொட்டைமாடியில் கட்டப்பட்டிருந்தது. காசு கொடுக்காமல் யாரும் போய்ப் பயிற்சியைப் பார்க்கலாம். மதிய உணவு நேரத்தில் நண்பரும் நானும் லிஃப்டில் ஏறிப் போய்க் குளிரில் நின்றுகொண்டு பார்ப்போம். ஆட்டம் எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் புரியும் என்பதால் நான் பயிற்சியாளரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊதலும் கையுமாக, குட்டையான தடித்த உருவம், சத்தமான குரல். கண்ணாடித் தடுப்போடு ஒட்டிய வெள்ளைப் பலகையில் மார்க்கரால் ஏதோ வரைவார். ஆட்டக்காரர்கள் ஒரு முழங்காலைப் பனியில் ஊன்றி அவரைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். பயிற்சி முடிந்து நட்சத்திரங்கள் உள்ளே போன பிறகும் மூன்று நான்கு பேர் பனியிலேயே இருப்பார்கள். அன்றிரவு ஆட்டத்தில் பெயர் இல்லாதவர்கள். அவர்கள் மூச்சு வாங்க வாங்க இங்கிருந்து அங்கே ஓடுவதை வழக்கமாகத் துணைப் பயிற்சியாளர்தான் பார்த்துக்கொள்வார். ஒருநாள் பூட்ரோ திரும்பி வந்து, அப்படி நின்றிருந்த ஓர் இளைஞனின் மட்டையை வாங்கி, பக்கைப் பக்கவாட்டுப் பலகையில் மோதவிட்டு, திரும்பி வரும் இடத்தில் உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று இரண்டு மூன்று முறை செய்து காட்டினார். அந்த வேகம் குறைந்த கால்களில் ஒரு நேர்த்தி இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஏதோ சொல்லி அவனைச் சிரிக்கவைத்துவிட்டு உள்ளே போனார். பெயர்ப் பட்டியலில் இடமில்லாத நாளைப் பற்றி அவருக்குத் தெரியாதது இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஏழாவது ஆட்டம்

இனி அந்தத் தீர்ப்பு. பிளேஆஃப் தொடரில் இரு அணிகளும் மும்மூன்று வென்றால் வருவது ஏழாவது ஆட்டம். பூட்ரோ தலைமைப் பயிற்சியாளராக எட்டு முறை அங்கே போய் ஒரே ஒரு முறைதான் வென்றார். 2009-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக அந்த ஒன்று. 2010 தோல்விதான் மிகவும் வலித்தது. தரவரிசைப் பட்டியலில் 121 அணிப் புள்ளிகளோடு லீக்கின் முதல் அணியாக வந்து, எட்டாவது இடத்தில் இருந்த மாண்ட்ரியாலுக்கு எதிராக 3–1 என்று முன்னிலை பெற்று, மூன்றையும் தோற்றார்கள். ஆறாவது ஆட்டத்தில் மாண்ட்ரியாலின் கோல்காப்பாளர் யாரோஸ்லாவ் ஹலாக் 53 முயற்சிகளைத் தடுத்தார், ஏழாவதில் 41. ஓர் அணி ஐம்பது முறைக்கு மேல் கோலை நோக்கி அடித்திருக்கிறது என்றால் பயிற்சியாளர் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார் என்றுதான் நான் இன்றும் சொல்வேன்.

ஆனால் வாஷிங்டனுக்குப் பிறகு அவர் பயிற்சியாளராக இருந்த அனாஹைமை அப்படி எளிதாகக் கடந்துபோக முடியாது. 2013, 2014, 2015, 2016 என நான்கு ஆண்டுகளும் பிரிவில் முதலிடம். நான்கு ஆண்டுகளும் தொடரில் 3–2 என்று முன்னிலை. நான்கு ஆண்டுகளும் சொந்த அரங்கில் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ, நாஷ்வில் என்று எதிரணிகள் மட்டும் மாறின. நான்கு முறை ஒரே விதமாக நடப்பதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. நீண்ட தொடரில் எதிரணிப் பயிற்சியாளர் ஒவ்வொரு இரவும் ஒரு சிறு திருத்தம் செய்கிறார். அதற்குப் பதில் திருத்தம் இங்கிருந்து வர வேண்டும். வேகமாக ஒன்றைக் கட்டி எழுப்புகிறவருக்கு, கட்டியதை நாளுக்கு நாள் நுணுக்கமாகச் செதுக்குவது வேறு வேலையாக இருந்திருக்கலாம்.

இந்த எண்ணத்தை எனக்குள் வலுப்படுத்தியது வாஷிங்டனின் 2010 டிசம்பர். மாண்ட்ரியால் தோல்வியின் பிறகு, எல்லோரும் தற்காப்பு, தற்காப்பு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த டிசம்பரில் அணி தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களைத் தோற்றது. ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகப் படக்கருவிகள் உடை மாற்றும் அறைக்குள்ளேயே இருந்ததால், பூட்ரோ வசைமாரி பொழிவதை நாடே பார்த்தது. அப்போது அவர் தன் தாக்குதல் முறையைக் கைவிட்டு, நடுக்களத்தை அடைத்து நிற்கும் முறைக்கு அணியை மாற்றினார். முந்தைய பருவத்தில் 300-க்கு மேல் கோல் அடித்த அணி அது. மாற்றம் பலித்தது என்றும் சொல்லலாம். கிழக்கில் முதலிடம் கிடைத்தது. பிளேஆஃபின் இரண்டாம் சுற்றில் தாம்பா பே நான்குக்கு நான்கு என்று துடைத்துப்போட்டது. புதிய இடத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டே பிழைத்தவர், இருந்த இடத்திலேயே, பிறர் கேட்டதற்காகத் தன்னை மாற்றிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. இந்த ஒரு முடிவுக்காக அவர் மீது எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

அடுத்த பருவம் ஏழு தொடர் வெற்றிகளோடு தொடங்கி, பிறகு சரிந்தது. 2011 நவம்பர் 1 அன்று அனாஹைமுக்கு எதிரான ஆட்டத்தில், அணி ஒரு கோல் பின்தங்கியிருந்த கடைசி நிமிடத்தில், ஒவெச்கினைப் பெஞ்சிலேயே உட்காரவைத்தார். அணி சமன் செய்து கூடுதல் நேரத்தில் வென்றது. ஆனால் பெஞ்சில் இருந்த ஒவெச்கின் வாய்க்குள் சொன்னதைத்தான் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. நவம்பர் 28 அன்று பூட்ரோ நீக்கப்பட்டார். இரண்டே நாள்களில், நவம்பர் 30 அன்று, அனாஹைம் தன் பயிற்சியாளர் ராண்டி கார்லைலை ஆட்டத்தில் வென்ற இரவிலேயே நீக்கிவிட்டு, இவரை நியமித்தது. மீண்டும் பருவத்தின் நடுவில், மீண்டும் தடுமாறும் அணி. இந்த முறை ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. அந்தப் பருவத்தில் பிளேஆஃபும் கிடைக்கவில்லை. அறையில் ஹெர்ஷிக்காரர்கள் இல்லை என்பதை நான் இதற்குக் காரணமாகச் சொல்வேன். அடுத்த பருவத்தில் 48 ஆட்டங்களில் 30 வெற்றி.

அனாஹைமுக்குப் பிறகு மினசோட்டாவின் என்.எச்.எல். அணிக்குப் பயிற்சியாளராக இருந்த நான்கு பருவங்களை இங்கே நான் நீட்டப் போவதில்லை. முதல் பருவத்தில் 106 புள்ளிகள், அந்த அணி அதுவரை எட்டாத எண்ணிக்கை; முதல் சுற்றிலேயே வெளியேற்றம்; 2020 பிப்ரவரியில் நீக்கம். பார்த்த படம்தான்.

வான்கூவருக்குத் திரும்புவோம். 2021 டிசம்பர் 5 அன்று அங்கே பொதுமேலாளரையும் பயிற்சியாளரையும் ஒரே நாளில் நீக்கிவிட்டு பூட்ரோவை அழைத்தார்கள். 25 ஆட்டங்களில் எட்டு மட்டும் வென்றிருந்த அணி. மறுநாளே லாஸ் ஏஞ்சலஸை 4–0 என்று வென்றது. அந்தப் பருவத்தின் மீதி 57 ஆட்டங்களில் 32 வெற்றி. அந்த நாள்களில்தான் அவர் பெயரைச் சேர்த்துக் கூவும் அந்தக் கோஷம் பிறந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரதர்ஃபோர்டு தலைவராக நியமிக்கப்பட்டது பூட்ரோ வந்து சில நாள்கள் கழித்து. தான் தேர்ந்தெடுக்காத பயிற்சியாளர் மீது ஒரு நிர்வாகிக்கு எவ்வளவு பொறுமை இருக்கும்? அடுத்த பருவத்தின் முதல் ஏழு ஆட்டங்களில் அணி ஒன்றைக்கூட வெல்லவில்லை என்றதும், மிச்சமிருந்த பொறுமையும் போய்விட்டது.

மொத்தமாகப் பார்த்தால் 1,087 ஆட்டங்களில் 617 வெற்றிகள். ஸ்டான்லி கோப்பை இல்லை. கோப்பை வாங்காதவர் என்ற குறையைச் சொல்லும்போதெல்லாம், 2018-இல் அதே வாஷிங்டனுக்கு முதல் கோப்பையை வென்று தந்த பாரி ட்ராட்ஸை எதிரே நிறுத்துவார்கள். ட்ராட்ஸும் என்.எச்.எல்.-இல் ஆடாதவர்தான். ஆனால் அவர் நாஷ்வில் அணியில் பதினைந்து பருவங்கள் ஒரே இடத்தில் இருந்தவர். தங்கி நின்று செதுக்குகிறவர். என் வாதத்துக்கு இது மிகவும் வசதியான முடிவு: வந்து சேர்கிறவர் தொடங்கினார், தங்குகிறவர் முடித்தார். வசதியாக இருப்பதாலேயே இதை நான் நம்ப மறுக்கிறேன். ட்ராட்ஸின் வாஷிங்டன் 2016-லும் 2017-லும் லீக்கின் முதல் அணியாக வந்து, இரண்டு முறையும் இரண்டாம் சுற்றில் பிட்ஸ்பர்கிடம் தோற்றது. 2017-இல் தோற்றது சொந்த அரங்கில், ஏழாவது ஆட்டத்தில், ஒரு கோல்கூட அடிக்காமல். அதன் பிறகும் நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. 2018-இன் முதல் சுற்றில் கொலம்பஸ் அணியிடம் சொந்த அரங்கில் நடந்த முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றார்கள். மூன்றாவது ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரம் வரை இழுத்தது. கோல் வாயிலில் முட்டி மோதிய பக் லார்ஸ் எல்லரின் காலில் பட்டு உள்ளே உருண்டது. அதை யாரும் வரைந்து கொடுத்து ஆடவில்லை. அது இன்னும் நான்கு அங்குலம் தள்ளிப் போய் அந்தத் தொடரும் கையை விட்டுப் போயிருந்தால், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருந்த ட்ராட்ஸை அந்தக் கோடையிலேயே அனுப்பிவிட்டு, பூட்ரோவைப் பற்றி எழுதிய வரியையே பெயரை மட்டும் மாற்றி எழுதியிருப்பார்கள்.